அந்தக் கை என்ன சொல்கிறது?



மாற்கு எழுதிய நற்செய்தியின் 9-ம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறான். ஆண்டவர் மலையிலிருந்து இறங்கி வரும் வேளை அது. மலையின்மேல் மூன்று சீடர்கள் அவருடைய மகிமையைக் கண்டிருந்தார்கள். அடிவாரத்தில் மற்றச் சீடர்களோ வெட்கித் தலைகுனிந்து நிற்கிறார்கள். பேச்சில்லாத தன் மகனைத் தகப்பன் அவர்களிடம் கொண்டுவந்திருக்கிறான். பையன் நிலத்தில் விழுகிறான்; நுரை தள்ளுகிறான்; பல்லைக் கடிக்கிறான்; விறைத்துப் போகிறான். நெருப்பிலும் விழுந்திருக்கிறான், தண்ணீரிலும் விழுந்திருக்கிறான். சீடர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் என்ன செய்கிறார்கள்? மறைநூல் அறிஞரோடு தர்க்கம் பண்ணுகிறார்கள்! சுற்றிலும் பெருங்கூட்டம். பிள்ளை ஒரு பக்கம் கிடக்கிறது, பிள்ளையைப் பற்றிய வாக்குவாதம் இன்னொரு பக்கம் நடக்கிறது.

ஆண்டவர் வருகிறார். பையனை அவர் முன் கொண்டுவருகிறார்கள். அவர் கண்ணெதிரிலேயே அவன் விழுந்து புரளுகிறான். அந்த நேரத்தில் ஆண்டவர் செய்த முதற் காரியம் எது? தகப்பன் பக்கம் திரும்பி, இது எவ்வளவு காலமாக நடக்கிறதென்று விசாரித்தார். தெரியாமலா கேட்டார்? அவ்வளவு பேர் கூடியிருந்தும் அந்தத் தகப்பனிடம் அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டவுடனே அவன் தன் மனப்பாரத்தையெல்லாம் கொட்டிவிடுகிறான். சிறு வயதிலிருந்தே என்கிறான். நெருப்பையும் தண்ணீரையும் பற்றிச் சொல்கிறான். நல்ல வைத்தியர் ஒருவர் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான். அந்தப் பையனிடம் கண்ட குறிகள் காக்கை வலிப்பின் குறிகள் என்று இன்றைய வைத்தியர்கள் கருதுகிறார்கள். நாம் இன்று பேசப்போகும் பிள்ளைகளின் நிலை வேறு. ஆனால் அவர்களுக்கும் வேண்டியது ஆண்டவருடைய அதே கேள்விதான்.

நம்முடைய தோட்டங்களுக்கு வருவோம். இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கமானாலும் சரி, கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கமானாலும் சரி, இப்படியொரு பிள்ளையைக் கண்டவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. போத்தல் மூடி ஒன்றை மணிக்கணக்காகச் சுழற்றிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு நேரம் தன் கன்னத்திலும் காதிலும் ஓங்கி ஓங்கி அறையும். காம்பராச் சுவரில் தலையை மோதும். புறங்கையைக் கடித்துக் கடித்து அந்த இடம் காய்த்துப்போயிருக்கும். தாய் கையைப் பிடித்தால் தாயையும் தள்ளும். அக்கம்பக்கத்தார் ஓடிவருவார்கள். ஒருவர் பேய் என்பார், ஒருவர் செய்வினை என்பார், ஒருவர் செல்லம் கொடுத்துக் கெடுத்த பலன் என்பார், நாலு அடி போட்டால் சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். மலையடிவாரத்துத் தர்க்கம் லயத்து வாசலில் மறுபடியும் தொடங்கிவிடும்.

வைத்தியர்கள் இந்த நிலையை ஓட்டிசம் என்கிறார்கள். தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுவதும் உண்டு. எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிள்ளையின் மதிதான் இறுகிவிட்டதோ என்று கேட்பவர் எண்ணிவிடக்கூடும். 1943-ம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றிக் கட்டுரை எழுதியதிலிருந்தே உலகம் இதைத் தனியொரு நிலையாகக் கவனிக்கத் தொடங்கியது. மூளையின் வளர்ச்சி ஆரம்பத்திலிருந்தே வேறொரு விதமாக அமைந்துவிடுகிறது. பிறரோடு பழகுவது, பேசுவது, ஒலியையும் ஒளியையும் தொடுகையையும் உணர்வது, நாளாந்த ஒழுங்கில் வரும் மாற்றங்களைத் தாங்குவது, இவையெல்லாம் மற்றவர்களுக்கு இருப்பதுபோல் இவர்களுக்கு இராது. இது தொற்றுகிற நோயல்ல. மருந்து கொடுத்து மாற்றிவிடும் நோயுமல்ல. சிலர் நன்றாகப் பேசுவார்கள், படிப்பார்கள், வேலைக்குப் போவார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒருவர் துணை வேண்டும். நம் நாட்டில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைச் சோதித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. அது நகரத்தை அடுத்த ஒரு பகுதியில் எடுத்த கணக்கு. தோட்டத்துக்கும் அதே கணக்கை வைத்துப் பார்த்தால், நூறு பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் ஒரு பிள்ளையாவது இருக்கும்.

தன்னைத்தானே அடித்துக்கொள்வதும் அபூர்வமான காரியமல்ல. உலகத்தின் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2020-ல் வெளியான ஒரு கணிப்பின்படி, ஓட்டிசம் உள்ளவர்களில் நூற்றுக்கு 42 பேர் ஏதோவொரு விதத்தில் தம்மைத் தாமே காயப்படுத்துகிறார்கள். கையால் அடித்துக்கொள்வதே அவற்றுள் அதிகம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களில் ஒருவர் தனக்குத்தானே தீங்கு செய்துகொண்டார் என்றால் நம் மனம் உடனே நஞ்சுப் போத்தலுக்குப் போய்விடுகிறது. அத்தனை சாவீடுகளைக் கண்டுவிட்டோம். சுவரில் தலை மோதும் இந்தச் சிறு பிள்ளை சாவைத் தேடவில்லை. சாவு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. பின் ஏன் அடித்துக்கொள்கிறது?

ஒரு றப்பர்த் தோட்டத்தையும் அதில் ஒரு குடும்பத்தையும் நினைத்துக்கொள்வோம். தாய் விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகிறாள். ஆறு வயது மகனை அப்பாயி பார்த்துக்கொள்கிறாள். தாய் வேலைக்குப் போன நாட்களில் பையன் அமைதியாக இருக்கிறான். தாய் வீட்டில் நிற்கிற நாட்களில்தான் காதிலும் தலையிலும் அறைந்துகொள்கிறான். "அவளைக் கண்டால்தான் இவனுக்கு இந்தக் கூத்து" என்கிறாள் அப்பாயி. லயம் முழுவதும் அதையே பேசுகிறது. தாயும் நம்பிவிடுகிறாள், மகன் தன்னை வெறுக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாமல் அழுகிறாள். பிள்ளைக்காம்பரா ஆயம்மா விவரம் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரு கொப்பியைக் கொடுத்து, பையன் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் என்றைக்கு, எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்போது நின்றது என்று எழுதிவைக்கச் சொல்கிறார். மூன்று கிழமை கழித்துக் கொப்பியை விரித்துப் பார்த்தால், தாய் வீட்டில் நின்ற நாட்களெல்லாம் மழை நாட்கள்!

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. ஆகவே தாய் வீட்டில் நிற்கிறாள். மழை பெய்தால் தகரக் கூரையில் பேரிரைச்சல். இரத்தினபுரி மழையை நான் வருணிக்க வேண்டியதில்லை. நமக்கு அந்த இரைச்சல் பிறந்த நாள் முதல் பழக்கம். சிலருக்கு அது தாலாட்டு. அந்தப் பிள்ளையின் காதுக்குள்ளோ அது ஆணி அடிப்பதுபோல் இறங்குகிறது. அவன் வலிக்கிற இடத்தில் அடித்துக்கொள்கிறான். பழியோ தாய்மேல் விழுந்தது. கொப்பி இல்லாவிட்டால் அது காலமெல்லாம் அவள் தலையில் இருந்திருக்கும்.

காரணம் தெரிந்தபின் வழிகளும் தெரியும். கூரைக்குக் கீழே சாக்கை விரித்துக் கட்டினால் இரைச்சல் கொஞ்சமாவது குறையும். காதை மூடத் துணிப்பட்டி ஒன்று கட்டலாம். வானம் கறுத்தவுடனே இரைச்சல் குறைந்த வேறொரு இடத்துக்கு அவனைக் கூட்டிப்போகலாம். எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் காரணம் மழையல்ல. ஒரு பிள்ளை தாடையிலேயே அடித்துக்கொள்கிறதா? வாயைத் திறந்து பாருங்கள், சொத்தைப் பல் இருக்கலாம். காதில் சீழ் இருக்கலாம். பல நாள் வெளிக்குப் போகாமல் வயிறு கல்லாகியிருக்கலாம். பேசத் தெரிந்த பிள்ளை "அம்மா, பல் வலிக்குது" என்று சொல்லி அழும். பேச்சில்லாத பிள்ளைக்கு இருப்பது கை ஒன்றுதான். முன்பு இல்லாத பழக்கம் திடீரென்று தொடங்கினால், வேறெதையும் யோசிக்குமுன் டொக்டரிடம் காட்டி உடம்பில் நோவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமாகப் போகும் பாதை மாறினாலோ, சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனாலோ, திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினாலோ தாங்காத பிள்ளைகளும் உண்டு. சில பிள்ளைகளுக்கு அந்த அடி ஒரு வகை ஆறுதலாகவும் இருக்கிறது. உடம்பெங்கும் கலங்கிப்போயிருக்கும் உணர்ச்சியை அது ஓரிடத்தில் நிறுத்துகிறது.

இவற்றை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதுவே. 1982-ல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் பிரையன் இவாட்டா என்பவரும் அவருடைய துணைவர்களும் தம்மைத் தாமே காயப்படுத்தும் ஒன்பது பேரை வெவ்வேறு சூழ்நிலைகளில் வைத்துக் கவனித்தார்கள்: தனியாக விட்டபோது, வேலை சொன்னபோது, விளையாடவிட்டபோது என்று. ஒரே மாதிரியான அடிக்கு ஆளுக்கு ஆள் காரணம் வேறாயிருந்தது. 1985-ல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்னும் இருவர் நான்கு பிள்ளைகளிடம் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பாடம் கடினமானபோது முரண்டுபிடித்த பிள்ளைக்கு உதவி கேட்கும் ஒரு வாக்கியத்தையும், தன்னைக் கவனிக்கவில்லையே என்று முரண்டுபிடித்த பிள்ளைக்குக் கவனத்தைக் கேட்கும் ஒரு வாக்கியத்தையும் கற்பித்தார்கள். தொல்லை குறைந்தது. வாக்கியத்தை மாற்றிக் கற்பித்துப் பார்த்தபோது குறையவில்லை. அந்தப் பிள்ளைகள் என்ன கேட்க முயன்றார்களோ அதற்குரிய சொல் கிடைத்தபோதுதான் பலன் இருந்தது. வாயால் சொல்ல முடியாத பிள்ளைக்குப் படம் கீறிய அட்டையோ, கைச்சாடையோ போதும். 'வேண்டாம்', 'வலிக்குது', 'வெளியே போகவேணும்' என்ற மூன்றுக்கும் மூன்று சாடைகளைப் பழக்கிப் பாருங்கள்.

உலகம் இந்தப் பாதைக்கு நேராக வந்துவிடவில்லை. 1960-களில் லோஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஐவர் லோவாஸ் என்னும் உளவியலாளர், இப்படியான பிள்ளைகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கத்தை நிறுத்தப் பார்த்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனம் அப்படிப்பட்ட கருவியை இந்த நூற்றாண்டிலும் உபயோகித்து வந்தது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2020-ல் அதைத் தடைசெய்தது. 2021-ல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2024-ல் அதே நிர்வாகம் மறுபடியும் தடை கொண்டுவர முன்மொழிந்தது. படித்தவர் நிறைந்த நாட்டின் நிலை இது! ஆகவே வேப்பங்கம்பை எடுத்த நம் தோட்டத்துத் தகப்பனை மட்டும் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் கம்பைக் கீழே போடுங்கள் என்று அவனிடம் சொல்லத்தான் வேண்டும். அடிபட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இன்னொரு அடி எதைக் கற்பிக்கும்?

கட்டிவைப்பதைப் பற்றியும் நற்செய்தியில் ஒரு காட்சி உண்டு. அதே மாற்கு, 5-ம் அதிகாரத்தில், கல்லறைகளுக்கு நடுவே குடியிருந்த ஒரு மனிதனைக் காட்டுகிறார். கல்லை எடுத்துத் தன் உடம்பிலேயே காயம் பண்ணிக்கொண்டு இராப்பகலாக அலறித் திரிந்தவன். ஊரார் செய்து பார்த்த வைத்தியம் விலங்கும் சங்கிலியும். பல தடவை கட்டினார்கள், ஒவ்வொரு தடவையும் அறுத்துக்கொண்டு போனான், பிறகு கைவிட்டுவிட்டார்கள். ஆண்டவர் அவனிடம் பேசினார். அவன் பெயரைக் கேட்டார். பின்பு ஊரார் வந்து பார்க்கும்போது அவன் உடை உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். ஊரார் மகிழ்ந்தார்களா? பயந்துபோய், எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டார்கள். பன்றிகள் நஷ்டமாகிவிட்டனவே! கூட வருகிறேன் என்று கெஞ்சிய அந்த மனிதனை ஆண்டவர் அவனுடைய வீட்டாரிடமே திருப்பி அனுப்பினார்.

"பேய் என்றுதானே நற்செய்தி சொல்கிறது, சுவாமி? அப்படியானால் எங்கள் பிள்ளைக்கும் ஓட்ட வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். திருச்சபைச் சட்டத்தின் 1172-ம் பிரிவின்படி, ஆயரின் வெளிப்படையான தனி அனுமதியில்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்தக்கூடாது. இருப்பது நோயல்ல என்று நிச்சயப்படுத்திக்கொள்வது முக்கியம் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1673-ம் பிரிவு கூறுகிறது. நோயையும் பேயையும் ஒன்றென்று எண்ணக்கூடாது என்பதில் திருச்சபையே இவ்வளவு கவனமாயிருக்கிறது. பிள்ளைக்காகச் செபியுங்கள், அந்தோனியாருக்கு நேர்ச்சை வையுங்கள். ஆனால் பிள்ளையின் தலைமயிரைப் பிடித்து ஆட்டுகிறவர்களிடமும், புகை போடுகிறவர்களிடமும், பட்டினி போடச் சொல்கிறவர்களிடமும் கொண்டுபோகாதீர்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று ஆண்டவரிடம் கேட்டதை அருளப்பர் 9-ம் அதிகாரத்தில் எழுதுகிறார். இரண்டுமில்லை என்று ஆண்டவர் தீர்த்துச் சொன்னார். இருந்தும் அந்தக் கேள்வி சாகவில்லை. சிக்காகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் எழுதிய நூல், தாயின் அன்புக் குறைவே ஓட்டிசத்துக்குக் காரணம் என்று உலகத்தை நம்பச்செய்தது. ஓட்டிசம் உள்ள ஒரு மகனைப் பெற்ற பேர்னாட் றிம்லண்ட் 1964-லேயே அது தவறென்று நூலெழுதிக் காட்டியிருந்தார். அறிவியல் பின்பு அவர் பக்கமே நின்றது. கொழுந்துக் கூடையோடு பகலெல்லாம் மலையில் நிற்கும் தாயும், வெளிநாட்டில் வேலை செய்து பணம் அனுப்பும் தாயும், பிள்ளையை விட்டுப் போனதால் வந்த வினை என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பேச்சில் உண்மையில்லை.

பேசத் தெரிந்த, பள்ளிக்கூடம் போகிற, வளர்ந்த பிள்ளைகளிடத்தில் காரியம் வேறு. அவர்களில் பலருக்கு ஓட்டிசம் இருப்பதை யாரும் கண்டுபிடிப்பதில்லை. பெண் பிள்ளைகளில் இது இன்னும் அதிகம். பகலெல்லாம் மற்றவர்களைப்போல் சிரித்து, மற்றவர்களைப்போல் நடந்து, பரிகாசத்தையும் தாங்கி வீட்டுக்கு வந்தபின், ஒருவருக்கும் தெரியாமல் தம் உடம்பைக் காயப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களைக் குறித்துத்தான் எனக்குப் பயம். ஓட்டிசம் உள்ளவர்கள் தற்கொலை செய்துகொள்ளும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியொரு பிள்ளையின் கையில் தழும்பைக் கண்டால் கோபிக்காமல், சத்தியம் வாங்காமல், சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாகாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே ஆறுதல். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். களைநாசினியையும் மாத்திரைகளையும் பூட்டிவையுங்கள். 1926 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேச ஆள் இருக்கிறது. அவசரமானால் 1990-க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

2014 நவம்பரில் காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் ஓட்டிசம் உள்ளவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் வத்திக்கானில் சந்தித்து, அவர்களை ஒதுக்கி வைக்கும் தனிமையை உடைக்கும்படி கேட்டுக்கொண்டார். நம் தோட்டத்துக் கோயிலில் அதற்கு எவ்வளவு இடமிருக்கிறது? பூசை நடுவில் ஒரு பிள்ளை கத்தித் தலையில் அடித்துக்கொண்டால் எத்தனை முகங்கள் திரும்புகின்றன! அந்தத் தாய் மறு ஞாயிறு வருவதில்லை. ஒலிபெருக்கியைச் சற்றுக் குறைத்தால் பாட்டு பரலோகத்துக்குக் கேட்காமல் போய்விடாது. கதவோரத்தில் ஒரு வாங்கை அந்தக் குடும்பத்துக்கென்று விடலாம்.

பிள்ளை அடித்துக்கொள்ளும் அந்த நேரத்தில் கூட்டம் கூடாதீர்கள். தலைக்கும் சுவருக்கும் நடுவில் தலையணையோ மடித்த சாக்கோ வையுங்கள். வானொலியை நிறுத்துங்கள். அதிகம் பேசாதீர்கள். தலையில் பலத்த அடி பட்டு வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றக் காரியத்தை மிட்வைஃப் அம்மாவிடமிருந்து தொடங்கலாம். பிள்ளைக்குத் தடுப்பூசி எழுதும் புத்தகத்தைக் கொண்டுபோய், பேச்சு வரவில்லை, அடித்துக்கொள்கிறான் என்று அவரிடம் சொன்னால், சுகாதார வைத்திய அதிகாரி மூலமாக இரத்தினபுரி அல்லது கேகாலைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கிடைக்கும். அன்றைய பேர் போய்விடுமே என்ற கவலை எனக்கும் தெரியும். இன்னொரு கஷ்டமும் உண்டு: டொக்டர் சிங்களத்தில் கேட்பார், தாய் பதில் தெரிந்தும் சொல்லத் தெரியாமல் நிற்பாள். இங்கேதான் பங்கின் வாலிபர்களுக்கு வேலை. சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் அன்றைக்கு ஒரு நாள் அந்தத் தாயோடு பஸ் ஏறட்டும். போகும்போது அந்தக் கொப்பியையும் மறக்காமல் கொண்டுபோகட்டும். எவ்வளவு காலமாக என்று டொக்டர் கேட்கும்போது எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.